பாதிப் பாட்டில் எழுந்தவள்

என் ஆயுளில் நாற்பது கச்சேரிக்குக் குறையாமல் போயிருப்பேன். கோயில் மேளம், ஊரிலிருந்து கப்பலில் வந்த பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம் வைத்துக் கதை சொன்னவர்கள், சீனக் கூத்து என்று ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் எந்தக் கச்சேரி எப்படி முடிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பாதிவரைதான் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் அந்த அக்கா. புண்ணியவதி, போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

மலாயாவில், ஜொகூர் பக்கம், லாபிஸ் ரயிலடியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் எனக்கும் அவளுக்கும் வரிசையில் அடுத்தடுத்த வீடு. நடுவே ஒரு பலகைச் சுவர். அவள் புருஷன் வந்த இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளை இல்லை. அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தோட்டத்திலும் யாரும் சொன்னதில்லை. சாதாரண நாளில் எல்லாருக்கும் அக்கா, சாமி வந்துவிட்டால் ஆத்தா. ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோல் ஏட்டைப் பார்த்துக் கூப்பிடும்போது மட்டும்தான் அவளுக்குப் பெயர் உண்டு. அதற்கும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டு, நான் இடித்த பிறகுதான் "இருக்கேன்" என்பாள்.

அக்காவுக்கு உட்காரத் தெரியாது. குந்துவாள், எழுவாள், மண்டி போடுவாள், மறுபடி எழுவாள். சோறு தின்னும்போதுகூட ஒரு முழங்கால் நிமிர்ந்தே இருக்கும். வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு. பாலுக்கு மரம் வெட்டும்போது பாட்டின் தாளத்துக்கே கத்தியை இழுப்பாள். தாளம் விழுகிற இடத்தில் வெட்டு ஆழமாகி மரத்தில் காயம் பட்டுவிடும். "மரத்த வெட்டுறியா, மிருதங்கம் வாசிக்கிறியா?" என்று கங்காணி திட்டுவார். அவள் காதில் அது விழாது. அடுத்த மரத்துக்கு அடுத்த அடியைப் பாடிக்கொண்டே போய்விடுவாள்.

இப்படிப்பட்ட பாட்டுப் பைத்தியத்துக்கு ஆண்டவன் ஒரு வினை வைத்திருந்தான். கொட்டு சூடு பிடித்தால் அவளுக்குச் சாமி வந்துவிடும்.

கோயில் திருவிழாவில் உடுக்கைக்குச் சாமி வருவது சரி. அது வரவேண்டிய இடம். இவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நாடகமோ பஜனையோ பாட்டுக் கச்சேரியோ, மிருதங்கக்காரர் கொஞ்சம் விரட்டி வாசித்தால் போதும். முதலில் இடது காலின் பெருவிரல் துடிக்கும். அப்புறம் முழங்கால். அப்புறம் தோள். வாந்தி வரப்போகிறவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருதுடி, வருதுடி, விடாதடி" என்பாள். நான் எங்கே பிடிக்க? அடுத்த நிமிஷம் கூட்டத்தின் நடுவில் தலைவிரி கோலமாக நிற்பாள். சனம் கும்பிட்டு விழும். காணாமல் போன மாடு எங்கே, ஊருக்குப் போன மகன் ஏன் கடுதாசி போடவில்லை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டி, ஆத்தா மலையேறுவதற்குள் கச்சேரி முடிந்து பாயைச் சுருட்டியிருப்பார்கள்.

மற்றவர்களுக்குச் சாமி வந்தால் பெருமைப்படுவார்கள். அக்கா அழுவாள். ஈரப் புடவையோடு குந்திக்கொண்டு, "அப்புறம் என்னடி பாடுனாங்க?" என்பாள்.

"ஒன்னப் புடிக்கிறதுக்கே எனக்கு நாலு கை வேணும். பாட்ட எங்க கேட்டேன்?"

"ஒரே ஒரு கச்சேரி, மங்களம் வரைக்கும் கேட்டுட்டுச் செத்தாப் போதும்டி. வேற ஒண்ணும் வேணாம்."

இதைக் குறைந்தது நூறு தடவை என்னிடம் சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூட நான் சிரித்ததில்லை.

அவள் செய்து பார்க்காத தந்திரம் இல்லை. காதில் பஞ்சு வைத்தாள். வாயில் வேப்பிலையைக் கடித்துக்கொண்டாள். சிகாமட்டுக்கு ரயிலேறிப் போய் ஒரு கதைக் கச்சேரி கேட்டோம். அன்று துடிக்கிற அந்தப் பெருவிரலையே முந்தானைக் கிழிசலால் பெஞ்சின் காலோடு கட்டிப்போட்டாள். பெஞ்சில் இரண்டு பருத்த கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மோனியம் ஏறியது, மிருதங்கம் ஏறியது, ஆத்தாளும் ஏறிவிட்டாள். பெஞ்சு அந்த இரண்டு பேரோடு நாலு அடி நகர்ந்தது. பூமி அதிர்கிறது என்று அலறிய ஒருவர், விஷயம் தெரிந்ததும் பெஞ்சில் இருந்தபடியே கும்பிட்டுத் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். விரல் வீங்கி அக்கா ஒரு வாரம் நொண்டினாள்.

சீனக் கூத்துக்குப் போகலாம் என்பது என் யோசனை. லாபிஸ் பாசாருக்குப் பின்னால் சீனர் கோயிலில் பட்டப்பகலில் கூத்து நடக்கும். "அது சீனன் கொட்டு, நம்ம ஆத்தாளுக்குப் புரியாது, தைரியமா வா" என்று நான்தான் கூட்டிப்போனேன். பளபளவென்று சட்டை போட்ட ராசா வந்தான், முகத்தில் சிவப்புப் பூசிய ஒருவன் வந்தான். அக்கா வாயைப் பிளந்து பார்த்தாள். பெரிய தாளத்தை ஒரு மொத்து மொத்தினார்கள் பாருங்கள்! விரல் துடித்துவிட்டது.

எனக்கு உயிர் போய்விட்டது. வேற்று மனிதர் கோயில், அடிப்பார்களோ என்னவோ. அந்தக் கோயில் கிழவர் ஓடிவந்தவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "தாப்பா, தாப்பா" என்று, பரவாயில்லை என்று, என்னிடம் மலாயில் சொன்னார். அவர்களுக்கும் சாமியாடுகிறவர்கள் உண்டாம். நாற்காலி போட்டார்கள், கையில் ஊதுவத்தி கொடுத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், போகும்போது இரண்டு ஆரஞ்சுப்பழம் வேறு. தோட்டத்துக்குத் திரும்பினால் ஒரே சண்டை. வந்தது நம்ம ஆத்தாளா, சீன ஆத்தாளா என்று. பூசாரி மூன்று குடம் தண்ணீர் ஊற்றி அவளைச் சுத்தம் பண்ணினார். அக்கா நடுங்கிக்கொண்டே ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

அப்புறம் டவுனில் ராவுத்தர் கடைக்குப் பாட்டுப்பெட்டி வந்தது. பெட்டியில் கேட்டால் என்ன என்று போனோம். ராவுத்தர் சாவி முடுக்கித் தட்டை வைத்தார். அக்கா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிருதங்கம் கேட்டது, விரல் அசையவில்லை. பாட்டு முழுதாக முடிந்தது. நான் கையைத் தட்டினேன். அவள் முகத்தில் ஒன்றையும் காணோம்.

"அலமாக், முழுசாக் கேட்டாச்சே அக்கா! இன்னும் என்ன?" என்றார் ராவுத்தர்.

"நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா பாடுறவுங்க மூச்சு வாங்குறது கேக்கல. தொண்டைய செருமல. நம்மளப் பாக்கல. நாம இல்லாட்டியும் இது பாடும்ல?"

ராவுத்தருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொரு தட்டு வைக்கட்டுமா என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கி நடந்தாள்.

ஊரிலிருந்து ஒரு பாட்டுக்கார அம்மா மலாயாவுக்கு வந்திருக்கிறார், நம் தோட்டத்துக்கே வருகிறார் என்று கங்காணி ஒரு நாள் பெரட்டில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பெரட்டுக் களத்தில் பந்தல் போட்டு. அந்த அம்மாளின் பாட்டைத் தட்டில் கேட்டவர்கள் தோட்டத்தில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பூசாரியிடம் போய், "ஒரு நாளைக்கு மட்டும் ஆத்தாளக் கட்டிப் போடுங்க. ஒரு காப்புக் கட்டுனாப் போதும்" என்றாள்.

"ஆத்தாளையா? கட்டவா?" பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "லயத்துல அம்ம போட்டா நீ பதில் சொல்லுவியா? போ, போ, வெளையாடாத."

அக்கா நேரே கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பகல் வேளை, கோயிலில் ஈ காக்கை இல்லை. அவள் கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் நின்றாள்.

"இங்க பாரு. இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள்லேருந்து ஒனக்கு ஆடுறேன். கூலி கேட்டேனா? ஒடம்பு வலிக்குதுன்னு சொன்னேனா? ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு லீவு குடு. தொரையே குடுக்குறான். நீ குடுக்கக் கூடாதா?"

இப்படியா ஒருத்தி சாமியோடு பேசுவாள்! அவளோ கோரிக்கையை வைத்தாகிவிட்டது என்பதுபோல் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கச்சேரி நாளும் வந்தது. பந்தலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்தில் எந்த விசேஷத்துக்கும் பந்தலின் பின்னங்காலில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டுவார்கள். கீழ் லயத்து ஆட்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில் உட்காரவேண்டும். சாதிதான், வேறென்ன. கடல் தாண்டி வந்தும் அதை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பந்தலுக்கு மரம் வெட்டி, குழி தோண்டி, ஓலை வேய்ந்தது அவர்கள். கூரையின் கீழே உட்கார்ந்தது நாங்கள். நானும் எத்தனையோ வருஷம் அப்படி உட்கார்ந்தவள்தான். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா பாட ஆரம்பித்தார். என்னால் அதைச் சொல்லத் தெரியாது. மூன்றாம் பாட்டில் மிருதங்கம் சூடு பிடித்தது. நான் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டு ஏறியது, இன்னும் ஏறியது, பந்தலே ஆடியது. குனிந்து பார்த்தேன். விரல் பேசாமல் இருந்தது.

"குடுத்துட்டாடி" என்றாள் அக்கா. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "லீவு குடுத்துட்டாடி!" அன்றுதான் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அரை மணி போயிருக்கும். மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. ஜொகூர் மழைக்குத் தூறல் என்பதே கிடையாது, எடுத்த எடுப்பில் கொட்டும். பாட்டு நிற்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், காத்தாயி என்று பெயர், பிள்ளை பெற்று இரண்டு மாசம் ஆகவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பந்தல் காலோரம் ஒண்டிக்கொண்டாள்.

கங்காணி குடைக்கம்போடு போனார். "ஏய், வெளிய போ."

"புள்ள நனையுதுங்க."

"போடின்னா!" கம்பால் அவள் தோளில் நெட்டினார். குழந்தை வீறிட்டது. காத்தாயியின் புருஷன் கயிற்றை ஒரு கையால் பிடித்தான். அவன் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். உள்ளே இருந்த எங்கள் இளவட்டங்களும் பால் வெட்டும் கத்தியைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். கங்காணி கம்பை ஓங்கினார்.

பாட்டுக்கார அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவில்லை. கண்ணை மூடிச் சரணத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்தாள்.

"டேய்!"

கூட்டம் அப்படியே உறைந்தது. பாட்டு நின்றது. அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆட்களைத் தாண்டிப் போனாள். "எம் புள்ளய மழையில நிறுத்திட்டு ஒனக்குப் பாட்டு கேக்குதாடா? யார்ரா கட்டுனது இந்தக் கயிற?"

கங்காணி கையிலிருந்த கம்பு விழுந்தது. "தாயே, தெரியாமப் பண்ணிட்டோம்" என்று சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள். "வாங்கடி உள்ள! எல்லாரும் வாங்க! இன்னொரு தடவ எனக்கும் எம் புள்ளைங்களுக்கும் நடுவுல கயிறு கட்டுனீங்க, வீட்டுக்கு வீடு அம்மயா வந்து உக்காருவேன். ஆமா!"

கீழ் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எங்கள் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். காத்தாயி மேடைக்கு ரொம்பப் பக்கத்தில், அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

சாமி வந்தவளை அப்படியே விடுவது எங்கள் வழக்கமில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய்த்தான் மலையேற்றவேண்டும். கோயில் அரை மைல், ஸ்டோர் மேட்டுக்கு அந்தப் பக்கம். மழையிலேயே பறையும் உடுக்கையும் வந்தன. பூசாரி வேப்பிலையோடு முன்னால் நடந்தார். அக்கா ஆடிக்கொண்டே போனாள். எங்கள் முதுகுக்குப் பின்னால், விட்ட இடத்திலிருந்தே அந்தச் சரணத்தை அந்த அம்மா மறுபடி எடுத்தார். அக்காவின் கால் ஒரு அடி தடுமாறியது. அப்புறம் இன்னும் வேகமாக ஆடினாள்.

மேட்டுத் திருப்பத்தில் மயங்கியவள்போல் என் மேல் சாய்ந்தாள்.

"ஆத்தா வரலடி" என்றாள் என் காதோடு.

"தெரியும். வெரல் ஆடல."

"மெதுவாப் பேசு."

"ஏங்க்கா? ஆத்தாளே வந்து கேட்டிருக்கக் கூடாதா? ஒனக்கு என்ன வந்துச்சு?"

"அவ எப்படிடி வருவா? அவதான் லீவுல இருக்காளே. அதான் நான் வந்தேன்."

கோயிலில் வழக்கம்போல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கங்காணி என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டார். நாங்கள் திரும்பியபோது பந்தலில் சனம் கலைந்துகொண்டிருந்தது. காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசியில் பாடிய மங்களத்தை முணுமுணுத்தபடி எங்களைக் கடந்து போனாள். அக்கா அவள் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்கப்புறம் அவளுக்குச் சாமி வரவே இல்லை. ஒரு நாள் லீவு கேட்டதற்கு ஆத்தா ஒரேயடியாகப் போய்விட்டாள். உடுக்கை, உறுமி, மிருதங்கம் எதற்கும் அந்த விரல் அசையவில்லை. சாமி போன துக்கம் அவளுக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று, "கோவமா?" என்று கேட்பாள். ஆனால் நான் சந்தோஷப்பட்டேன். "விடுக்கா, இனிமே எந்தக் கச்சேரியா இருந்தாலும் முழுசாக் கேக்கலாம்" என்றேன்.

அடுத்த திருவிழாவில் பாட்டு நடந்தது. கயிறு இல்லை. அக்கா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பாட்டு முடிகிறபோது எங்கள் ஆட்கள் பின்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஆத்தா இன்னும் வரவில்லையே, அப்படியானால் அவள் கோபம் தீர்ந்துவிட்டது, பழைய வழக்கப்படியே செய்யலாம் என்று. ஒருவன் கங்காணி வீட்டுக்குப் போய்க் கயிற்றுச் சுருளோடு வந்தான். பின்னங்காலில் ஒரு சுற்றுச் சுற்றியும்விட்டான். அக்கா அதைப் பார்த்தாள். எழுந்தாள்.

அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு திருவிழா, ஒவ்வொரு கச்சேரி. ஆத்தா வருவதில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் கயிறு திரும்பிவிடும். வெளியூர்க் கச்சேரிக்காவது போவோம் என்று கூப்பிட்டேன். "அங்க எழுந்திரிக்காம உக்காந்திருந்தத நம்மாளு எவனாவது பாத்துட்டான்னா?" என்று மறுத்துவிட்டாள். சண்டை போட்டேன். "ஒனக்கு என்ன தலையெழுத்தா?" என்று கத்தினேன். அவள் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து கேட்ட கச்சேரியில் ஒரு சின்ன வயசுக்காரர் பாடினார். நல்ல சாரீரம். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது, முழங்கால் வலி வேறு. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் பாட்டைக் கேட்கவில்லை. என் வேலை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பதுதான். காத்தாயியின் மகன் வளர்ந்து, பந்தலின் நடுவில் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

"அக்கா."

"இருடி. சரணம் எடுக்குறாரு."

"கயிற எடுத்துட்டு வரானுங்கக்கா."

"இன்னும் ஒரு வரி."

திரும்பிப் பார்த்தேன். ஒருவன் பந்தல் காலருகே குனிந்தான். "அக்கா, எழுந்திரு" என்றேன்.

"இந்த ஒரு வரி மட்டும்டி" என்றாள். அந்த வரி பாதி போவதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.